லிஃப்ட்காரர் மகள் படியேறுகிறாள்

— சரிப்பா, கயிறு அறுந்துட்டா?

— அறாது.

— அறுந்தா?

— ஒரு கயிறு இல்ல பாப்பா, அஞ்சாறு இருக்கு. எல்லாம் இரும்பு.

— அஞ்சாறும் பேசி வச்சுக்கிட்டு ஒண்ணா அறுந்துட்டா?

— அப்பவும் பிரேக் பிடிச்சு நின்னுடும். அதுவும் பிடிக்கலன்னா, இந்த லிஃப்ட் ரிப்பேர் தொழிலே வேணாம்னு நான் வேற வேலை தேடிக்கிறேன். போதுமா? ஏறு. இன்னும் முதல் மாடியே வரல.

— நான் ஏறிக்கிட்டுதான் இருக்கேன். நீதான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற.

— மூச்சு வாங்குது பாப்பா.

— பாப்பான்னு சத்தமாக் கூப்பிடாதப்பா. எனக்குப் பதினஞ்சு வயசு. இந்தப் படிக்கட்டுல தும்முனாக்கூட எட்டு மாடிக்கும் கேக்கும்.

— கேட்டா என்ன? நம்ம மானம்தான் ஏற்கெனவே லிஃப்ட்ல ஏறிப் போயிடுச்சே. என் டூல்ஸ் பையையும் உன் ஸ்கூல் பையையும் உள்ள வச்சு, எட்டாவது மாடி பட்டனை அமுக்கி விட்டுட்டு, மனுஷங்க நாம படியில வர்றோம். அதுங்க ரெண்டும் மகாராஜா, மகாராணி மாதிரி போகுது.

— உன் பையைத் தூக்கிட்டு நீ ஏறுனா, பாதி வழியில நான் உன்னைத் தூக்கிட்டு ஏறணும்.

— ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் சரி பண்றவன் பொண்ணு படியில ஏறுறா. கேக்கறதுக்கே நல்லாருக்கா? டாக்டர் வீட்டுப் புள்ளை மாத்திரையக் கண்டா ஓடுற மாதிரி.

— டாக்டர் வீட்டுப் புள்ளைக்குத்தான்ப்பா தெரியும், மாத்திரையில என்ன இருக்குன்னு.

— வாய் மட்டும் லிஃப்ட் இல்லாமலே மேல போகுது. காலைலயும் இப்படித்தானே? நான் விடியறப்பவே கிளம்பிப் போயிடுறேன். நீ ஒத்தையில இத்தனை படி இறங்குற. பாவமா இருக்கு.

— இறங்குறது ஒண்ணும் கஷ்டம் இல்லப்பா. அதை விடு. நேத்து ஒரு வீடியோ வந்துச்சு. லிஃப்ட் கதவு திறக்குது. ஒரு ஆளு போனைப் பாத்துக்கிட்டே உள்ள கால் வைக்கிறாரு. உள்ள லிஃப்டே இல்ல.

— ஐயோ. அப்புறம்?

— அப்புறம் விளம்பரம். முடி கொட்டாம இருக்க எண்ணெய்.

— அந்த ஆளு?

— அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னா ரெண்டாம் பாகம் பாக்கணுமாம்.

— பாத்தியா?

— பாத்தேன். ரெண்டாம் பாகத்துலயும் எண்ணெய்தான்.

— இதைத்தான் நானும் சொல்றேன். உலகத்துல தினமும் எத்தனை லிஃப்ட் ஒழுங்கா ஏறி இறங்குது. அதை எவனாவது காட்டுறானா? "லிஃப்ட் வந்தது, ஏறினோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்"னு போட்டா எவன் பாப்பான்?

— நான் பாப்பேன்.

— நீ ஒருத்தி பாத்தா அவனுக்குக் கட்டுப்படி ஆகுமா?

— எங்க ஸ்கூல்ல கூட ஒருத்தர் வந்து பேசுனாருப்பா. போன் பாக்காதீங்க, மூளை கெட்டுப் போயிடும்னு. மேடையில ஒரு அழுகை வேற. அதை அவரே வீடியோ எடுத்துப் போட்டிருந்தாரு. எனக்கு வந்துச்சு. ஒம்போது லட்சம் பேரு பாத்திருக்காங்க.

— அதுவும் போன்லயா?

— போன் பாக்கறவங்களுக்குத்தானே சொல்லணும். வேற எங்க போய்ச் சொல்லுவாரு?

— இரு, உங்கம்மா கூப்பிடுறா. ஹலோ… ஆங்… பை வந்துடுச்சா? ரெண்டும் வந்துடுச்சுல்ல?… ஆளுங்களும் வந்துக்கிட்டுதான் இருக்கோம். ரெண்டாவது மாடி… இல்லம்மா, லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. இவதான்… நான் திட்டாமலா இருக்கேன்? திட்டிக்கிட்டேதான் ஏறுறேன்… சரி… சொல்றேன்… சரின்னு சொன்னேன்ல. வைக்கிறேன்.

— என்னவாம்?

— தீர்ப்பு வந்துடுச்சு. இன்னைக்கு நீ லிஃப்ட்ல வந்து இறங்கலன்னா, உன் போனு பீரோவுக்குள்ள. பரீட்சை முடிஞ்சு, லீவும் முடிஞ்சப்புறம்தான் வெளிய வருமாம். "அந்தப் போன்தான் புள்ளையைப் பயமுறுத்தி வச்சிருக்கு, வேரையே பிடுங்கிட்டா சரியாயிடும்"கிறா.

— பூட்டட்டும்.

— பூட்டட்டுமா? சார்ஜ் அஞ்சு பர்சென்ட்டுக்கு வந்தாலே ஆம்புலன்ஸ் கூப்பிடுற ஆளாச்சே நீ.

— கஷ்டமாத்தான் இருக்கும். கிளாஸ்ல எல்லாரும் ஒண்ணு பேசுவாங்க, எனக்கு மட்டும் புரியாது. பரவால்ல.

— அதுக்கு ஒரே ஒரு தடவை லிஃப்ட்ல ஏறித் தொலைக்கலாம்ல? முழுசா ஒரு நிமிஷம் ஆகாது.

— நீ கூட வர்றியா?

— நானா? நான் எதுக்கு? நான் பொழுதெல்லாம் அதோடதானே கெடக்கேன். உன் பயம் போகணும்னா நீயா ஏறணும்.

— நேத்துகூட, முட்டி வலிக்குதுன்னியேன்னு, நீ மட்டும் லிஃப்ட்ல போப்பான்னு சொன்னேன். போகல.

— புள்ளையைப் படியில விட்டுட்டு அப்பன் மட்டும் சொகுசா மேல போறதா? நல்லா இருக்கே கதை. சைக்கிளைப் பாத்து வா, பெடல் கால்ல இடிக்கும். படிக்கட்டுல எவன் சைக்கிளை நிறுத்துறது?

— மூணாவது மாடி அண்ணன். சைக்கிள் ஓட்டுற வீடியோ பாத்துட்டு வாங்குனாரு. இப்ப அதைப் பாக்கறதை விட்டுட்டாரு. சைக்கிள் இங்கயே நின்னுடுச்சு.

— உங்கம்மா சொல்றதுல தப்பே இல்ல பாப்பா. உங்க வயசுப் பசங்களுக்கு உலகத்தையே கெட்ட கனவாக் காட்டுது அந்தப் போனு.

— உன் போன்ல என்னப்பா காட்டுது?

— அதை ஏன் கேக்குற. உலகமே தலைகீழா மாறிப் போச்சு. எல்லாரும் காலைல எந்திரிச்சதும் ஐஸ் தண்ணியில மூஞ்சிய முக்குறாங்க.

— எல்லாருமா?

— எல்லாரும்தான். ஒருத்தர் பாக்கியில்ல. அப்புறம் கண்ணுக்கு மேல ஒரு கோடு இழுக்குறாங்க. பூனை வால் மாதிரி வளைஞ்சு நிக்கணுமாம். ஒரு பொண்ணுக்கு வலது கண்ணுல அழகா வந்துடுச்சு, இடது கண்ணுல வரல. அழுதுடுச்சு. எனக்கே மனசு கேக்கல.

— முழுசாப் பாத்தியா?

— கடைசியில வந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க வேணாமா?

— அப்பா!

— கூட வேலை பாக்கறவன்கிட்ட, "நீ காலைல மூஞ்சிய முக்குறியா?"ன்னு கேட்டேன். ஒரு மாதிரியாப் பாத்தான். பாவம், இவனுக்கு உலக நடப்பே தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்.

— நீ முக்குனியா?

— ஒரே ஒரு நாள். உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. ஜலதோஷம்தான் பிடிச்சுச்சு.

— அப்பா, அது உலகம் இல்ல. அது நான்.

— என்னது?

— என் போன் முன்னாடி யாருது?

— என்னுது. புதுசு வாங்குனப்ப பழசை உனக்குக் குடுத்தேன்.

— குடுக்கறப்ப உன் கணக்கை எடுத்துட்டுக் குடுத்தியா?

— எங்க எடுக்கறது? பாஸ்வேர்டு மறந்து போச்சு. எடுத்தா திரும்ப உள்ளயே போக முடியாதுன்னு கடைக்காரன் பயமுறுத்துனான். அப்படியே இருக்கட்டும்னு குடுத்துட்டேன். போன் போனுதானே?

— ரெண்டு போன்லயும் ஒரே கணக்குப்பா. நான் எதைப் பாத்தாலும் அது உனக்கும் வரும். வீடியோ அனுப்புற ஆப்பைப் பொறுத்தவரைக்கும் நாம ரெண்டு பேரு இல்ல, ஒரே ஆளு.

— ஒரே ஆளா?

— ஆமா. கண்ணுக்குக் கோடு போட்டுக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஒரு ஆளு. முட்டி வலி இருக்கு, முகப்பருவும் இருக்கு.

— அடக் கொடுமையே. அப்ப, "உயிர்த் தோழி பேசாமப் போயிட்டா எப்படித் தாங்கிக்கறது"ன்னு ஒண்ணு விடாம வந்துக்கிட்டே இருந்துச்சே…

— அதுவும் நான்தான்.

— ஊர்ல எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டாங்க போலன்னு நினைச்சேன். எந்தத் தோழி? ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வருமே, அந்தப் புள்ளையா?

— இப்பப் பேசுறோம். சரியாயிடுச்சு.

— எனக்குத் தெரியாமப் போச்சே பாப்பா. என் கையிலயேதான் வந்துக்கிட்டு இருந்திருக்கு. யாரோ எவரோன்னு தள்ளித் தள்ளி விட்டுட்டேன்.

— எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் இப்படித்தான்ப்பா. மிஸ் ஒரு நாள் "இன்றைய உலகம்"னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. பூனைக்காரின்னு ஒருத்தி, அவ போன்ல பூனையைத் தவிர ஒண்ணும் வராது. உலகம் மெத்துன்னு இருக்குன்னு எழுதியிருக்கா. குண்டூசின்னு ஒருத்தன், இருபது வயசுக்குள்ள கையில தசை ஏறலன்னா வாழ்க்கை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கான். கடைசி பெஞ்சுக்காரி, அடுத்த வருஷம் கடல் ஸ்கூல் வாசலுக்கே வந்துடும்னு எழுதிட்டு, அதனாலதான் வீட்டுப்பாடம் செய்யலன்னு கீழ ஒரு குறிப்பு போட்டிருக்கா.

— இதுல எவன் உலகம் நிஜம்?

— எவன் போன்ல சார்ஜ் அதிகமோ அவனுது.

— நீ என்ன எழுதுன?

— "உலகம் எட்டு மாடி உயரம். நடுவுல ஒரு குழி இருக்கிறது. அதைச் சுற்றித்தான் எல்லாரும் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்."

— ஐயோ பாப்பா.

— நல்ல கற்பனைன்னு மிஸ் சிவப்பு மையில போட்டாங்க. கற்பனையே இல்லப்பா. அப்ப எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. கடைக்குப் போனாலும் சரி, தோழி வீட்டுக்குப் போனாலும் சரி, குழி எங்க இருக்குன்னுதான் முதல்ல பாப்பேன்.

— இரு, இரு. நீ பாக்கறது எனக்கு வருதுன்னா, உனக்கு வர்ற அந்தக் கதவு, அந்த ஆளு, அந்த எண்ணெய்…

— உன்னுது.

— எண்ணெயுமா?

— எண்ணெய் உன் தலைக்குப்பா. எனக்கு முடி நல்லாத்தான் இருக்கு.

— அது… தொழிலுக்காகப் பாக்கறது. எங்க என்ன தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்ல?

— தொழிலுக்காகப் பாக்கறவங்க ஒரு தடவை பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. அப்படிப் பாத்தா அது இவ்வளவு அனுப்பாது. ஒரே மாதிரி விடாம வருதுன்னா, யாரோ நிறுத்த முடியாமப் பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம். தோழி வீடியோவை நான் அப்படித்தான் பாத்தேன். எனக்குத் தெரியும்ப்பா.

— அஞ்சாவது மாடி வந்துடுச்சு பாரு.

— லிஃப்டுக்கு அடியில, குழிக்குள்ள ஒரு ஆளு வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு. மேலருந்து லிஃப்ட் இறங்கும். அதுதான் ரொம்ப வருது.

— இங்க கொஞ்சம் உக்காரலாமா?

— உக்காருப்பா. அந்தச் செருப்பையெல்லாம் அப்படித் தள்ளிக்கோ.

— அஞ்சாவது மாடிக்காரங்களுக்கு எதுக்கு இத்தனை செருப்பு? பூரான் குடும்பமா?

— அப்பா.

— ம்.

— எப்ப நடந்துச்சு?

— மழை ஆரம்பிச்சப்ப. ஒரு பெரிய ஜவுளிக் கடை. குழியில தண்ணி நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. இறங்கி, இறைச்சு விட்டுட்டு, துடைச்சுக்கிட்டு இருந்தேன். மேல இருந்தவன் நான் வெளிய வந்துட்டேன்னு நினைச்சு லிஃப்டை ஓட விட்டுட்டான்.

— வந்துச்சா?

— வந்துச்சு. சத்தமே இல்லாம வந்துச்சு பாப்பா. அவ்வளவு அருமையா ஆயில் போட்டிருந்தேன்.

— அப்பா…

— குந்திக்கிட்டேன். ஒரு ஆளு ஒடுங்கி உக்காந்தா தப்பிக்கிற அளவுக்கு அடியில இடம் விட்டுத்தான் கட்டியிருப்பாங்க. முதுகுக்கு மேல வந்து நின்னுச்சு. அவ்வளவுதான். ஒரு கீறல் இல்ல. சட்டைதான் நனைஞ்சுச்சு. வெளிய வந்து டீ குடிச்சேன்.

— அம்மாகிட்டகூடச் சொல்லல.

— என்னன்னு சொல்றது? ஒண்ணுமே ஆகலயே. ஒண்ணும் ஆகாத கதையை எவன் கேப்பான்?

— நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.

— அன்னையிலருந்து லிஃப்டுக்குள்ள கால் வச்சாலே முதுகு தானா வளையுது. குழியில இறங்குற வேலையையெல்லாம் கூட இருக்கறவன் தலையில கட்டிட்டு, நான் மேல மோட்டார் அறைக்குப் படியில போறேன். வீட்டுக்கு வந்து சோபாவுல உக்காந்தா கை தானா போன்ல அந்த வீடியோவைத் தேடுது. தப்பிச்சவங்களைத்தான் தேடுறேன் பாப்பா. எப்படித் தப்பிச்சாங்கன்னு பாக்கணும். அதுதான் தப்பிக்காதவங்களையும் சேத்து அனுப்புது.

— பையை வைக்கறப்ப உன் ஒரு கால் வெளியவே நிக்கும்.

— அதைக் கவனிச்சியா?

— ம். கையை நீட்டி பட்டனை அமுக்கிட்டு, சுட்டுட்ட மாதிரி இழுத்துக்குவ.

— பாவி நான். காய்ச்சல்கூட பக்கத்துல படுத்தாத்தான் ஒட்டும். நான் சோபாவுல உக்காந்து பயந்தது, உள் ரூம்ல இருந்த உனக்கு ஒட்டிக்கிச்சு. ஊர் உலகத்தையெல்லாம் திட்டுனேன். உன் போன்ல இருந்த பேய் நான்தான்.

— பேய் கண்ணுக்குக் கோடெல்லாம் போடாதுப்பா.

— சிரிக்காத. எந்திரி.

— எங்க?

— லிஃப்டுக்கு. இந்த மாடியிலயே கூப்பிடுறோம். மூணே மாடி.

— வேணாம்ப்பா. மூணு மாடிதானே, நடந்துடலாம். அம்மா போனை எடுத்துக்கட்டும்.

— எதுக்கு எடுக்கணும்? என் பயத்துக்கு நீ அபராதம் கட்டுவியா? நான் பயந்தது என் பாடு. என் பொண்ணு போற இடமெல்லாம் குழியைத் தேடிக்கிட்டு நடக்கக் கூடாது.

— உன் கால் படிப்பக்கமே திரும்பி நிக்குதுப்பா.

— நிக்கட்டும். பட்டனை அமுக்க விரல் போதும்.

— நாளைக்குப் பாத்துக்கலாம். நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

— அமுக்கிட்டேன். கீழருந்து வருது பாரு. என் கையைப் பிடிச்சுக்கோ. இன்னும் கெட்டியா. உனக்கு பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ.

— நீயும் மூடிக்கோ.

— ரெண்டு பேரும் மூடிக்கிட்டா எட்டாவது மாடி பட்டனை யாரு அமுக்கறது?

— அப்பா, அது வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— மேல போய்ச் சொல்லு. இப்பப் பேச்சுக் குடுத்தா இருக்கற தைரியமும் இறங்கிப் போயிடும். வந்துடுச்சு. திறக்குது. அட, நம்ம ஏழாவது மாடி டெய்லர் அக்கா! துணி மூட்டையோட நிக்கறாங்க. அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க. பாப்பாவுக்கு லிஃப்ட்னா உயிர் போற பயம். மழைக்காலத்துலருந்து ஏறவே இல்ல. எனக்காக இன்னைக்குத்தான் ஏறப் போறா.

— யாரு, இவளா? தினமும் காலைல நான் இந்த மூட்டையை இழுத்துட்டு வந்து சேர்ற வரைக்கும், இதே லிஃப்டுக்குள்ள நின்னு கதவைக் காலால தடுத்துக்கிட்டுப் பாட்டுப் பாடுறவளே இவதானேப்பா!